ஒன்பதைப் பங்கு வைத்தால்

"மகனுக்குக் கணிதம் ஏறுதில்ல சேர்" என்று பெற்றார் கூட்டத்தில் சொல்லும் உம்மாமார், வாப்பாமாருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் சுவரில் தொங்கும் கலண்டரைப் பாருங்கள். 1 இலிருந்து 31 வரை ஒழுங்காக வரும் எண்கள்தான். ஆனால் முதல் வரியில் இரண்டே எண் இருக்கும், அடுத்த வரியில் ஏழு. ஹிஜ்ரி மாதங்களை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினால் ஒரு வரி 29 இல் நிற்கும், இன்னொன்று 30 வரை போகும். வரிகள் சம நீளமில்லாத எண் அட்டவணை நமக்குப் புதிதில்லை.

இப்போது ஒரு கொப்பியில் இதை எழுதுங்கள்:

1 + 2 = 3
4 + 5 + 6 = 7 + 8
9 + 10 + 11 + 12 = 13 + 14 + 15
16 + 17 + 18 + 19 + 20 = 21 + 22 + 23 + 24

எந்த எண்ணும் விடுபடவில்லை, இரண்டு தரம் வரவுமில்லை. ஒவ்வொரு வரியும் முந்திய வரியை விட இரண்டு எண் கூட. கூட்டிப் பாருங்கள்: 3, 15, 42, 90. இரண்டு பக்கமும் சமம்.

இதைத் தரம் 9 இல் கரும்பலகையில் எழுதி, "ஏன் இப்படி வருது?" என்று கேட்டேன். கெட்டிக்காரப் பிள்ளைகள் சூத்திரம் தேடினார்கள். கடைசி வாங்கிலிருந்து ஒரு மகன் எழும்பினான். லீவு நாளில் வாப்பாவோடு கடலுக்குப் போகிறவன்.

"9 ஐ மூணு பங்கா வெச்சி மத்த மூணு பேருக்கும் குடுங்க சேர்."

10 க்கு 3 கொடுத்தால் 13. 11 க்கு 3 கொடுத்தால் 14. 12 க்கு 3 கொடுத்தால் 15. வலப்பக்கம் அப்படியே வந்துவிட்டது! ஒவ்வொரு வரியும் ஏன் 1, 4, 9, 16 என்று சதுர எண்ணில் தொடங்குகிறது என்பதும் இதிலேயே விளங்கும். 16 ஐ நாலு பேருக்கு நாலு நாலாகப் பிரித்தால் மிச்சம் வராது.

அது முழுமையான நிறுவல். அந்த மகனுக்குப் போன தவணைப் பரீட்சையில் கிடைத்தது 18 புள்ளி. "இவனப் படிப்பிச்சி என்ன, கடலுக்கே போகட்டும்" என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது.

1 இலிருந்து 10 வரையான எண்களின் கனங்களைக் கூட்டினால் 55 இன் வர்க்கம், அதாவது 3025 வரும். பக்தாதில் வாழ்ந்த அல்-கரஜி ஆயிரம் வருடங்களுக்கு முன் இதை, சதுரமொன்றின் ஓரத்தில் பட்டி பட்டியாகச் சேர்த்து விளக்கினார். அவரும் கண்ணால் பார்த்துத்தான் யோசித்தார். பங்கு வைத்துப் பழகிய பிள்ளையின் யோசனையும் அந்த வகைதான். நமது வினாத்தாள் அதற்குப் புள்ளி வைத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

சா/த பரீட்சைக்குச் சூத்திரமும் பயிற்சியும் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் யோசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அவற்றைப் பழக்கிக்கொள்ளலாம். "உனக்கு ஏறாது" என்று பத்துத் தரம் கேட்ட பிள்ளை யோசிப்பதையே விட்டுவிடும்.

இன்றிரவு உங்கள் பிள்ளையிடம் 25 இல் தொடங்கும் அடுத்த வரியை எழுதச் சொல்லுங்கள். எங்கே சமன் குறி போடுவதென்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். தயவுசெய்து நீங்கள் விடையைச் சொல்லிவிடாதீர்கள்.