செம்மண் தடம் – 4: இரும்பையிலிருந்து திருவக்கரைக்கு

போன வாரம் மரக்காணம் உப்பளத்தில் நிறுத்தும்போது, கடலை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டே தெற்கே இறங்குவேன் என்று எழுதியிருந்தேன். எழுதியபடி நடக்கவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரம் சைக்கிள் மிதித்ததுமே, பின்னால் அலறிய ஒவ்வொரு ஏர்ஹாரனுக்கும் தோள் தானாகக் கூனிக்கொண்டது. மேற்கே திருப்பிவிட்டேன். இரவு இரும்பையில் தெரிந்தவர் வீட்டுத் திண்ணை.

இரும்பை, ஆரோவில்லுக்கு மேற்கே ஒட்டினாற்போல இருக்கும் ஊர். சம்பந்தர் இரண்டாம் திருமுறையில் பாடிய மாகாளேசுவரர் கோயில் இங்கேதான். லிங்கத்துக்குச் செப்புத் தகட்டில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். அதற்கு ஒரு கதை. கடுவெளிச் சித்தர் தவத்தில் உட்கார, மழை பொய்த்ததாம். தவச் சூடுதான் காரணம் என்று அரசன் ஒரு தாசியை அனுப்பினான். உதிரும் இலையைத் தின்று கிடந்தவருக்கு அவள் அப்பளத்தை வைத்து வைத்துக் கண் திறக்க வைத்தாள். பிறகு கோயில் விழாவில் அவள் சிலம்பு கழன்று விழ, சித்தர் எடுத்து மாட்டிவிட, ஊர் சிரித்தது. அவர் கோபத்தில் ஒரு பாட்டுப் பாட, லிங்கம் வெடித்துச் சிதறியது. துண்டு விழுந்த இடமெல்லாம் புல் முளைக்காது என்பது சாபம். தூர தேசத்தார் வந்துதான் அந்த மண்ணைப் பச்சையாக்குவார்கள் என்று ஒரு வாலும் உண்டு. ஆரோவில் தொடங்கிய 1968 பிப்ரவரி 28-க்குப் பிறகு முளைத்த வால் அது என்பது என் கணிப்பு. மண் அரித்துப் பிளந்து கிடந்த செம்மேடு அது, ஆரோவில்லில் குடியேறியவர்கள் காடு வளர்த்தார்கள் என்பது மட்டும் கதையில்லை.

காலை ஐந்தரைக்கு ஏரிக்கரை மேல் ஏறினேன். பங்குனி வெயிலுக்கு எட்டு மணிக்குமேல் சவுக்கு நிழலைத் தேட வேண்டியிருக்கும். கரையில் ஆடு ஓட்டி வந்த பெரியவர் என் பழைய ஹெர்குலிஸையும் கேரியரில் கட்டியிருந்த பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எங்க சார், இவ்ளோ வெள்ளென?”

“திருவக்கரைக்குங்க ஐயா.”

“பஸ்ஸு கீதே!”

தார் ரோடு வேண்டாம் என்றேன். யாருக்கோ பயந்து ஒளிந்து போகிறேன் என்று நினைத்திருப்பார் போல, குரலைத் தாழ்த்தித்தான் வழி சொன்னார். “இந்தக் கரையையே புடிச்சிப் போ. கோடிகிட்ட சைக்கிள தூக்கினு எறங்கு. ரெண்டு பனமரம் நிக்கும். அங்க சோத்தாங்கைப் பக்கம் வண்டிப்பாட்ட. அது உடாம போவும்.”

கோடி என்று அவர் சொன்னது கலங்கலை. ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்துபோகும் கல்கட்டு. கரை அங்கே அறுந்து, ஆள் உயரம் இறங்கி, மறுபுறம் ஏறுகிறது. சைக்கிளைத் தோளில் போட்டுக் கல்லில் கால் வைத்து இறங்கும்போதுதான் உறைத்தது. கார் வராத வழியைத் தேடி நாடு நாடாக ஆட்கள் அலைகிறார்கள். பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் 1995-இல் சந்திக்குச் சந்தி எண் பலகை நட்டு, எண்ணைப் பார்த்தே சைக்கிளில் வயல்வெளி முழுக்கச் சுற்ற வழி செய்தார்கள். காரைத் தடுக்க வெளிநாட்டுப் பாதைகளில் நடுவே குட்டைக் கம்பம் நட்டிருப்பார்கள். இங்கே அந்த வேலையைக் கலங்கல் எப்போதோ செய்துவிட்டது. எண் பலகைக்கு ரெண்டு பனைமரம். 2017 வாக்கில் குடிமராமத்து என்று ஏரிக்கரைகளை மேடாக்கிக் கிராவல் கொட்டியபோது, பல ஊர்களில் கரைமேல் கார் ஓடத் தொடங்கியது. கலங்கலுக்குக் குறுக்கே பாலம் போடாத ஊர்களே சைக்கிள்காரனுக்குப் புண்ணியம் கட்டிக்கொண்டவை.

கரைக்குக் கீழே ஒருபுறம் கழனி. சம்பா அறுத்த தாளுக்கு நடுவே உளுந்து காய்ந்துகொண்டிருந்தது. ஏரித் தண்ணீர் எட்டாத மேட்டில் கொல்லை: மல்லாட்டை (வேர்க்கடலை), முந்திரி, வரிசை பிடித்த சவுக்கு. கழனியில் வரப்புதான் வழி, சைக்கிள் தள்ளலாம், மிதிக்க முடியாது. கொல்லைப் பக்கம் வண்டிப்பாட்டை ஓடும். மாட்டு வண்டி போய் டிராக்டர் வந்தும் அதே இரண்டு தடம், நடுவில் புல். வலத்தடம் மணலாக இருந்தால் இடத்தடத்துக்குத் தாவ வேண்டும். கிராம வரைபடத்தில் இதெல்லாம் புள்ளிக்கோடாக இருக்கும். கைபேசி வரைபடத்தில் இருக்காது.

திண்டிவனம்–புதுச்சேரி நாற்கரச் சாலை குறுக்கே வந்தது. அன்றைய பயணத்தில் பயந்த ஒரே இடம் அதுதான். பத்து நிமிடம் நின்றேன். வலைப்பையில் சோற்றுத் தூக்கோடு ஒரு கிழவி வந்தார், கையை மட்டும் உயர்த்தினார், லாரி வேகம் குறைத்தது. அவர் முந்தானையைப் பிடிக்காத குறையாகப் பின்னாலேயே தாண்டினேன்.

வானூர்ப் பக்கம் ஒரு மல்லாட்டைக் கொல்லை ஓரம் முன்சக்கரம் தளர்ந்தது. சீமைக்கருவேல முள், அரை விரல் நீளம். அந்த முள்ளை எடுக்கும்போது நுனி உள்ளேயே ஒடியும். டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்காமல் ட்யூபை மாட்டினால் அடுத்த பர்லாங்கில் மறுபடி பஞ்சர். மோட்டார் கொட்டகைத் தொட்டியில் ட்யூபை முக்கினேன். குமிழ் வந்த இடத்தைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஊதிக்கொண்டிருந்தேன். மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள்.

“கவர்மெண்டு சைக்கிளா சார்?” என்றார் ஒருவர். கொல்லென்று சிரிப்பு. பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசு தரும் இலவச சைக்கிளைச் சொல்கிறார். அவர் மகளுக்கு வந்தது வீட்டில்தான் நிற்கிறதாம். “இந்தப் பக்கம் அவ வர மாட்டா. ரோட்டுலன்னா நான் உட மாட்டேன்.” புதுக்கோட்டையில் 90-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களைச் சைக்கிள் ஏற்றியது நினைவுக்கு வந்தது. அவர்கள் மிதித்த ரோட்டில் இவ்வளவு லாரி இல்லை. அதைச் சொல்லாமல் பேட்ச்சை அழுத்திக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது செடியோடு ஒரு பிடி மல்லாட்டையை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டார்கள். பச்சைக் காயில் ஒட்டிய செம்மண்ணோடு, உரித்து உரித்துத் தின்றபடி ஒரு மைல்.

கடைசி மூன்று கிலோமீட்டரைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. திருவக்கரையை நெருங்கினால் கல்குவாரி ரோடு. டிப்பர் கடந்தால் ஒரு நிமிடம் எதுவும் தெரியாது, பல்லில் மண் கடிபடும். ஒரு டிப்பர் அணைத்துக்கொண்டு வந்ததில் சைக்கிளோடு ஓடைச் சரிவில் இறங்கி, முழங்கை சிராய்ப்போடு ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை போவது உத்தமம். பௌர்ணமி மட்டும் வேண்டாம், அன்று இரவு திருவக்கரைக் கோயிலில் வக்கிரகாளி அம்மன் ஜோதிக்கு ஊரே வண்டியாக இருக்கும். இந்தக் கோயிலில் கோபுரமும் கொடிமரமும் நந்தியும் நேர்கோட்டில் நிற்பதில்லை. காலையிலிருந்து நான் வந்த வழியும் அப்படித்தான்.

கோயிலைப் பார்த்துவிட்டுக் கல்மரப் பூங்காவுக்கு மிதித்தேன். 1781-இல் சொன்னெராத் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் கல்லாகிப்போன இந்த மரங்களைப் பற்றி எழுதினார். வயது சுமார் 2 கோடி ஆண்டு. அறுத்துப் போட்ட புளியமரங்கள் போலத்தான் கிடக்கின்றன. வேரும் இல்லை, கிளையும் இல்லை. எங்கோ நின்றவை வெள்ளத்தில் உருண்டு வந்து மணலில் புதைந்தவை என்பதற்கு அதுதான் சாட்சி. அந்த மணற்பாறைப் படிவம்தான் இரும்பை வரை நீள்கிறது. காலை முழுக்க டயரில் ஒட்டிக்கொண்டு வந்த செம்மண்ணும் அதிலிருந்து உதிர்ந்ததே.

ஒரு தண்டின் மேல் கை வைத்தேன். வெயிலில் அடுப்புக் கல்லாகச் சுட்டது. பட்டை வரி விரலுக்கு அப்படியே தெரிந்தது. அந்த வரியில் ஒரு கட்டெறும்பு, மரத்தில் ஏறுவதுபோலவே, நுனி இருந்திருக்க வேண்டிய திசைக்குப் போய்க்கொண்டிருந்தது.

முன்சக்கரத்தை அழுத்திப் பார்த்தேன். பேட்ச் நிற்கிறது. அடுத்த வாரம் சங்கராபரணி ஆற்றோரமாக வீடூர் அணைக்கு.