திண்ணையில் பாதி

பரமத்தி வேலூர் என்று சேர்த்துச் சொன்னாலும் பரமத்தி வேறு, வேலூர் வேறு. வட ஆர்க்காட்டு வேலூரோடு குழம்பிவிடாமல் இருக்கப் பரமத்தியைத் துணைக்கு அழைத்துக்கொண்ட ஊர் எங்களுடையது. தெற்கே காவிரி. அக்கரைக்குப் போனால் கரூர் மாவட்டம். வாய்க்கால் பாசனத்தில் வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் தழைக்கும் பூமி. 1997இல் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டத்தோடு போனோம்.

கடைவீதியை ஒட்டிய எங்கள் தொட்டிக்கட்டு வீட்டை அப்பாரு கட்டினார். வாசலில் இருபுறமும் திண்ணை, உள்ளே ஆசாரம், நடுவில் வானம் தெரியும் தொட்டி, பின்னால் புழக்கடை. என் சிறுவயதில் அந்த வீதியில் கடை வைத்திருந்தவர்கள் கடைக்குப் பின்னாலோ மாடியிலோதான் குடியிருந்தார்கள். இரவு கடையை அடைத்த பிறகும் வீதி அடைபடாது. ஒரு வீட்டில் குழந்தை அழும். இன்னொரு வீட்டில் வானொலி பாடும். திண்ணையில் யாராவது வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பார்கள். பிறகு பிள்ளைகள் ஊருக்கு வெளியே மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் விட்டுச்சென்ற அறைகளில் சாக்கு மூட்டைகள் குடியேறின. இப்போது இரவு ஒன்பது மணிக்கு மேல் வீதி முழுவதும் இரும்புக் கதவுதான்.

சென்ற ஆண்டு ஒரு வியாபாரி எங்கள் வீட்டைக் குடோனுக்காக விலைக்குக் கேட்டார். வாரிசுகள் ஏழு பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஏழில் ஒருவனாக நானும் போயிருந்தேன். அந்த வீட்டில் மிஞ்சியிருப்பவர் பெரியம்மா மட்டும்.

விற்கக் கூடாது என்று வாதாடினேன். கைவசம் இருந்த உதாரணம் புதுச்சேரி. அங்கே வைசியாள் வீதி என்ற கால்வே சுப்பராயச் செட்டித் தெருவில், திண்ணையும் தாழ்வாரமுமான தமிழ் வீடுகளின் முகப்புகளை இன்டாக் அமைப்பு ஐரோப்பிய ஆணையத்தின் உதவியோடு சீர்ப்படுத்தியது. யுனெஸ்கோ 2008இல் அந்தத் தெருவுக்குப் பாரம்பரியப் பாதுகாப்பு விருது அளித்தது. நான் பார்த்திருக்கிறேன், கண்ணுக்கு நிறைவான தெரு. ஆனால், அங்கே சில வீடுகள் இன்று தங்கும் விடுதிகள். சுவரைக் காப்பாற்றுவதும் குடித்தனத்தைக் காப்பாற்றுவதும் ஒன்றல்ல என்பதை என் வாதத்தில் நான் சேர்த்துக்கொள்ளவில்லை.

பெரியம்மாவின் மகன், என் அண்ணன், அமைதியாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீ வந்து இருப்பியா, சொல்லு. நாளைக்கே விக்கறத நிறுத்திடறேன்."

நான் பேசவில்லை.

பெரியம்மாதான் பேசினார்: "வீடு நல்லாத்தான் இருக்குது கண்ணு. ராத்திரி எனக்கு நெஞ்சு வலிச்சாக் கூப்புட்ட கொரலுக்கு ஓடியாற இந்த வீதியில ஆரு இருக்கறாங்க?"

அன்றிரவு ஆசாரத்தில் படுத்தபடி நான் ஏன் வர மாட்டேன் என்று யோசித்தேன். கழிப்பறை புழக்கடைக் கோடியில் இருக்கிறது. தொட்டி நிரம்பினால் லாரி நுழைய முடியாத சந்து. விடியுமுன்பே சரக்கு வண்டிகளின் இரைச்சல். கார் நிறுத்த இடமில்லை. பக்கத்து வீட்டில் ஆள் இல்லை. கடைசிக் காரணம்தான் எல்லாவற்றிலும் கடினமானது. கழிப்பறையை ஒருவன் தனியாகக் கட்டிவிடலாம். அண்டை வீட்டை அவன் தனியாகக் கட்ட முடியாது. முதலில் திரும்பி வருகிறவன் எல்லாக் கஷ்டத்தையும் தானே சுமக்க வேண்டியிருக்கிறது.

நெரிசல் தீர்ந்தால் ஜனங்கள் தாமாகத் திரும்புவார்கள் என்பவர்கள் உண்டு. சென்னையில் கொத்தவால் சாவடிக் காய்கறிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போயிற்று. சந்தை போயும் ஜார்ஜ் டவுன் குடியிருப்புப் பேட்டையாக மாறிவிடவில்லை. மற்ற மொத்த வியாபாரங்கள் அந்தத் தெருக்களை நிறைத்தபடியே இருக்கின்றன. குடும்பம் தரும் வாடகையை விடச் சரக்கு தரும் வாடகை அதிகம் என்றால் வீடு சரக்கின் பக்கம்தான் சாயும்.

பணத்துக்கு அகமதாபாத் ஒரு வழி கண்டிருக்கிறது. 2017இல் உலகப் பாரம்பரிய நகரமான அதன் பழைய பகுதியில், பாரம்பரிய வீட்டுக்காரர் தாம் கட்டாமல் விடும் மாடிகளின் உரிமையை நகரின் வேறிடத்தில் கட்டுகிறவருக்கு விற்று, வீட்டைப் பழுதுபார்க்கலாம். நல்ல யோசனை. ஆனால் அந்த உரிமையை வாங்க, வானளாவக் கட்டத் துடிக்கும் பெருநகரம் பக்கத்தில் வேண்டும். வேலூரில் அதற்கு யார் இருக்கிறார்கள்?

வாடகைக்கு விடலாம் என்றபோது அண்ணனுக்குப் பழைய பயம் வந்தது. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் காலத்தில், குடிவைத்தவரைக் கிளப்ப முடியாது என்றே பலர் வீடுகளைப் பூட்டி வைத்தார்கள். அதற்குப் பதிலாக வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டதையும், எழுத்து மூலமான ஒப்பந்தமும் அதன் பதிவும் இப்போது கட்டாயம் என்பதையும் எடுத்துச் சொன்னேன். அரைமனதோடு ஒப்புக்கொண்டார். மூன்று ஆண்டுகளுக்கு விற்பனையைத் தள்ளிவைப்பது; முன்கட்டை வாடகைக்கு விட்டுப் பெரியம்மா பின்கட்டில் இருப்பது என்று முடிவாயிற்று. வீட்டுக்குள் புதிய கழிப்பறை கட்டும் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். வந்து இருக்க மாட்டாதவன் கட்டிய அபராதம் அது.

வீடு பார்க்க ஓர் ஆசிரியர் மனைவி, இரண்டு குழந்தைகளோடு வந்தார். தொட்டியை அண்ணாந்து பார்த்துக் குழந்தைகள் சிரித்தன. அவர் கேட்ட முதல் கேள்வி, "வண்டிய எங்கீங்க நிறுத்தறது?" என்பதுதான். வீதியில் நிறுத்தினால் சரக்கு வண்டி இடித்துவிடும். உள்ளே ஏற்ற வேண்டுமானால் சாய்தளம் வேண்டும். சாய்தளத்துக்கு ஒரு பக்கத்துத் திண்ணையில் பாதி போக வேண்டும்.

புதுச்சேரியைக் காட்டி வாதாடிய நான்தான் கொத்தனாரை அழைத்து வந்தேன். அப்பாரு உட்காரும் பக்கம் எது என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுபக்கத்தை உடைத்திருப்பார். ஆனால் வண்டி ஏற வாகான பக்கம் அதுதான். பாதி திண்ணை ஒரு முற்பகலில் மண்ணாயிற்று. பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடமாக இனி எவரும் எங்கள் வீட்டைப் பட்டியலிட மாட்டார்கள்.

ஒரு குடும்பம் வந்ததால் ஒரு வீதி பிழைத்துவிடாது. மூன்று ஆண்டு கழித்து அந்தக் குடோன்காரர் மீண்டும் வருவார். அப்போது என்ன சொல்வேனோ தெரியாது. சென்ற மாதம் ஊருக்குப் போனபோது இரவு பத்து மணி. இரும்புக் கதவுகளின் வரிசையில் எங்கள் வாசலில் மட்டும் விளக்கு எரிந்தது. மீதிப் பாதித் திண்ணையில் பெரியம்மா உட்கார்ந்து, ஆசிரியரின் மகள் ஏழாம் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொல்வதைத் திருத்திக்கொண்டிருந்தார்.