பசலை படர்ந்த வேலி

கீரைக்காரம்மாவிடம் பசலை கேட்டேன். பாலக் கட்டு ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இது இல்லைம்மா. கொடியில வருமே, தடிச்ச இலை..."

"கொடிப்பசலையா? அதைக் காசு குடுத்து யாரு வாங்குறா?"

அதுவும் சரிதான். நாங்களும் வாங்கியதில்லை. கிணற்றடி வேலியில் தானாகக் கிடந்தது. தண்டை ஒடித்து ஊன்றினால் போதும், பாத்திரம் கழுவிய தண்ணீரிலேயே ஏறிவிடும். அம்மா பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைப்பாள். கொழகொழவென்றிருக்கும், எனக்கு ஆகாது. பழம்தான் பிடிக்கும். மிளகைவிடச் சற்றுப் பெரிது. நசுக்கினால் கருஞ்சிவப்பாய்ச் சாறு. நகத்துக்குப் பூச்சும் அதுவே, ஈர்க்குச்சியால் தொட்டு எழுத மையும் அதுவே.

அந்தக் கூட்டை ஒரு வாரம் கேட்டு வாங்கித் தின்றதும் உண்டு. தொலைக்காட்சிக் கார்ட்டூனில் பாப்பாய் டப்பாவை நசுக்கிக் கீரையை விழுங்குவான்; கை புடைத்துக்கொள்ளும். அவன் தின்ற 'ஸ்பினாச்' என்னவென்று அகராதியைப் புரட்டினால் 'பசலைக்கீரை' என்றிருந்தது. எங்கள் வேலியிலா இவ்வளவு பலம்! என் கை அப்படியே இருந்தது. அவன் தின்றது பாரசீகப் பக்கத்திலிருந்து பரவிய, குளிர் விரும்பும், கொடி ஓடாத கீரை என்று பிறகுதான் தெரிந்தது. கடையில் பாலக் என்று கட்டி வைப்பதும் கொடி ஓடாததுதான். அவன் கீரையும் எங்கள் கொடியும் ஒரே தாவரக் குடும்பம்கூட இல்லை. பெயரை வந்தவன் எடுத்துக்கொண்டான். வேலியில் இருந்தது 'கொடி' சேர்த்துச் சொன்னால்தான் விளங்குகிறது.

பள்ளியில் ஒருநாள் தமிழையா, "தலைவன் பிரிந்தான்; தலைவி மேனியில் பசலை படர்ந்தது" என்றார். வகுப்பே சிரித்தது. எல்லோர் வீட்டிலும் வேலி இருந்தது. ஐயா கோபிக்கவில்லை. "இது பிரிவில் மேனி நிறம் மாறுவது. வள்ளுவர் 119ஆம் அதிகாரமே இதற்கு வைத்திருக்கிறார். கீரையைப் பசளை என்றும் எழுதுவார்கள். ளகரத்தை நீங்கள் தின்றுவிட்டீர்கள்" என்றார். யாழ்ப்பாணத்தார் பசளி என்கிறார்கள். அவர்கள் வாயில் ளகரம் பத்திரமாக இருக்கிறது.

மறுவாரம் கீரைக்காரம்மா செய்தித்தாளில் சுற்றி ஒரு தண்டு தந்தார். காசு வாங்கவில்லை. பெயின்ட் வாளியில் ஊன்றினேன். மழைக்குப் பின் பால்கனிக் கம்பியெல்லாம் இலை. ஒரு பழத்தை நசுக்கி நகத்தில் தடவிக்கொண்டு அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, பசலை படர்ந்திருச்சு."

"பாசிப்பருப்பு இருக்கா?" என்றாள்.