கெடைக்குமா டீச்சர்?



கொஞ்சம் நீளமான பதிவு. ஏ.எல் ரிசல்ட் வந்த வீடுகளில் உள்ளவர்களாவது கடைசி வரை வாசியுங்கள். இதில் வரும் பிள்ளையிடமும் அவருடைய உம்மாவிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆள் யாரென்று தெரியக்கூடிய விடயங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

போன கிழமை மஃரிபுக்குப் பிறகு ஒரு ராத்தா மகளோடு வீட்டுக்கு வந்தார். நான் ஏ.எல் படிப்பிக்கிறவள் இல்லை. கல்வியியற் கல்லூரி முடித்து, 10, 11ஆம் தரங்களுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். ஆனால் கெம்பஸ் விண்ணப்பத்தை ஒன்லைனில் நிரப்பித் தருவேன் என்று ஊரில் பெயர் எடுத்துவிட்டதால், ரிசல்ட் வந்தால் நாலைந்து பேராவது கதவைத் தட்டுவார்கள்.

பிள்ளை பயோ. இரண்டாம் தடவை எடுத்து நல்ல ரிசல்ட். உட்கார்ந்ததும் ராத்தா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார். கட்டாரிலிருந்து வாப்பா.

"டீச்சர், வளச்சிப் பேசத் தேவல்ல. மகளுக்கு மெடிசின் கெடைக்குமா, கெடைக்காதா? கெடைக்காட்டி வயல வித்தாவது வெளிநாட்டுல படிப்பிப்பம். இல்லாட்டி இன்னொருக்கா எடுக்கட்டும், நான் இன்னும் ஒரு வருசம் இங்கயே இரிக்கன். நீங்க செல்லுறதப் பாத்துத்தான் முடிவு."

"இன்ஷா அல்லாஹ் கெடைக்கும் காக்கா" என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். காரணம் ஒரு மகன்.

நாலு வருடங்களுக்கு முன் அந்த மகனும் இதே கதிரையில்தான் இருந்தான். அவனுடைய இசட் புள்ளியைப் பார்த்தேன். அதற்கு முந்திய வருடம் நமது மாவட்டத்தில் மெடிசினுக்கு இருந்த வெட்டுப்புள்ளியைப் பார்த்தேன். இவனுடையது ஒரு மயிரிழை கூட. "கட்டாயம் கெடைக்கும் மகன், யோசிக்காதே" என்றேன். உம்மா அழுதுவிட்டார். விண்ணப்பத்தில் எல்லாப் பல்கலைக்கழகங்களின் மருத்துவத்தையும் போட்டான், பல் வைத்தியத்தைப் போட்டான், அத்தோடு நிறுத்திவிட்டான். "மத்ததெல்லாம் என்னத்துக்கு டீச்சர்?" என்று கேட்டான். நானும் சிரித்தேன்.

அந்த வருடம் வெட்டுப்புள்ளி ஏறிவிட்டது. அவனுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. அவனை விடக் குறைந்த புள்ளி எடுத்த பிள்ளைகள் தாதியியலுக்கும் விவசாயத்துக்கும் போனார்கள். மூன்றாம் தடவை எடுத்தான், மனம் உடைந்து எடுத்த ரிசல்ட் முன்னதை விடக் குறைவு. இப்போது சவூதியில் ஒரு கடையில் நிற்கிறான். ஒவ்வொரு பெருநாளுக்கும் "ஈத் முபாரக் டீச்சர்" என்று மெசேஜ் போடுவான். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்குப் பாரம்.

அதற்குப் பிறகுதான் இந்தக் கணக்கை நான் ஒழுங்காகப் படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

முதலாவது, ஏ, பி, சியைப் பார்த்து வாய்ப்பைச் சொல்ல முடியாது. 2001 முதல் தெரிவு நடப்பது இசட் புள்ளியில். ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளி அந்தப் பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு மேலே நிற்கிறது என்பதுதான் கணக்கு. அந்த வித்தியாசத்தை நியம விலகலால் பிரித்து, மூன்று பாடங்களுக்கும் சராசரி எடுப்பார்கள். ஒரு பேச்சுக்கு, சராசரி 40, நியம விலகல் 18 உள்ள பாடத்தில் 67 எடுத்தால் அது பி. இசட் 1.5. சராசரி 55, நியம விலகல் 15 உள்ள பாடத்தில் 76 எடுத்தால் அது ஏ. ஆனால் இசட் 1.4தான். கஷ்டமான பாடத்தில் எடுத்த பி, லேசான பாடத்தில் எடுத்த ஏயை வெல்லலாம். அதனால் "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் இதே ரிசல்ட்தானே, அதுக்கு எப்படிக் கிடைச்சது?" என்று கேட்டுச் சண்டை பிடிக்காதீர்கள்.

இரண்டாவது, வெட்டுப்புள்ளி என்பது பாஸ் மார்க் இல்லை. அந்த வருடம் அந்த மாவட்டத்திலிருந்து கடைசியாக எடுபட்ட பிள்ளையின் புள்ளி, அவ்வளவுதான். மெடிசின் போன்ற பாடநெறிகளுக்கு இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்ப, மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியதாகக் கணிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. நமது அம்பாறையும் அந்தப் பதினாறில் ஒன்று. ஆகவே கொழும்பு வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நமது மாவட்டத்தின் போன வருட வெட்டுப்புள்ளி ஒன்றை மட்டும் பார்த்துச் சந்தோசப்படவும் வேண்டாம். இடங்கள் கொஞ்சமாக உள்ள பாடநெறிகளில் அது வருடத்துக்கு வருடம் ஆடும்.

நான் இப்போது செய்வது இதுதான். நாலு வருட வெட்டுப்புள்ளிகளை எடுத்து ஒரு தாளில் எழுதுவேன். பிள்ளையின் புள்ளி நாலுக்கும் மேலே இருந்தால் நல்ல வாய்ப்பு. நாலுக்கும் கீழே இருந்தால் இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் நின்றால், நடுவில் நிற்கிறது என்று சொல்ல வேண்டும். "கெடைக்கும்" என்றும் சொல்லக் கூடாது, "கெடைக்காது" என்றும் சொல்லக் கூடாது.

அந்தத் தாளைத்தான் அன்றிரவு ராத்தாவின் முன்னால் எழுதினேன். மெடிசின், நாலுக்கும் கீழே. பல் வைத்தியம், நடுவில், அதுவும் அடிப்பக்கமாக. பாமசி, மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், தாதியியல், மேலே.

"காக்கா, மெடிசின் இந்த முறை இல்லை என்றே வெச்சிக்கொள்ளுங்க" என்றேன்.

போனில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று ராத்தா போனைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அவர் சொன்னார், "ரிசல்ட் வந்த நாள்லரிந்து இருவது பேருக்கிட்டக் கேட்டன் டீச்சர். எல்லாரும் துஆச் செய்யச் சென்னாங்க. ஒருத்தரும் இல்ல எண்டு செல்லல்ல."

வயலைப் பற்றியும் பேசினோம். வெளிநாட்டில் மருத்துவம் முடித்து வந்தாலும் இங்கே பதிவு பெற இலங்கை மருத்துவ சபையின் பரீட்சை ஒன்று இருக்கிறது. போகிற பல்கலைக்கழகத்தை அந்தச் சபை அங்கீகரித்திருக்கிறதா என்று காசு கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டும். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏஜென்சிக்காரர் சொல்வதை மட்டும் கேட்டு வயலை எழுதிக்கொடுக்க வேண்டாம் என்றேன்.

இவ்வளவு நேரமும் பேசாமல் இருந்த பிள்ளை அப்போதுதான் வாயைத் திறந்தது. "டீச்சர், பாமசியும் போட்டா, டென்டலுக்குச் சான்ஸ் கொறையுமா?"

இந்தப் பயத்தை எத்தனை பிள்ளைகளிடம் கண்டிருக்கிறேன்! குறையாது. முன்னுக்குப் போட்டதற்குப் புள்ளி போதுமென்றால் அதுதான் கிடைக்கும். போதாவிட்டால்தான் அடுத்த யுனிகோடைப் பார்ப்பார்கள். மேலே ஆசையைப் போடலாம், அது ஒன்றையும் கெடுக்காது. கீழே போடாமல் விடுவதுதான் கெடுக்கும். ஒரேயொரு நிபந்தனை, கிடைத்தால் போகமாட்டேன் என்பதை போடக் கூடாது. ஒருமுறை பல்கலைக்கழகத்தில் பதிந்துவிட்டால், பிறகு இன்னொரு வருட ரிசல்ட்டோடு மறுபடி போட்டியிடுவது லேசான காரியமில்லை. கைந்நூலில் அந்த விதிகளை வாசித்துவிட்டுப் பதியுங்கள்.

"உனக்கு என்ன விருப்பம் மகள்?" என்று கேட்டேன். பிள்ளை உம்மாவைப் பார்த்தது. பிறகு, "லேப் வேலை விருப்பம் டீச்சர். ரெத்தத்தப் பாத்தா எனக்குத் தல சுத்தும், ஸ்லைட்ல பாத்தா ஒண்டுமில்ல" என்றது. ராத்தா சிரித்துவிட்டார். மூன்று வருடமாக மெடிசின், மெடிசின் என்று ஓடிய வீட்டில் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

பிறகு வந்தது தூரம். "யாழ்ப்பாணம், பேராதனை எண்டா பொம்புளப் புள்ளய எப்புடி அனுப்புற? ஒலுவில் மட்டும் போடேலாதா?" என்று ராத்தா கேட்டார். நியாயமான கவலை. நானும் உம்மாதான். ஆனால் பிள்ளை விரும்பும் படிப்பு ஒலுவிலில் இல்லை. எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு விட்டுக்கொடுங்கள் என்று மட்டும் சொன்னேன். முடிவு அவர்களுடையது. இஷாவுக்கு அதான் சொல்லும் வரை மூன்று பேரும் வரிசையை எழுதினோம், அழித்தோம், திரும்ப எழுதினோம். இன்னும் இரண்டு இடங்களில் கேள்விக்குறி இருக்கிறது.

ஏ.எல்லை மூன்று தடவை எடுக்கலாம். இந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. அதை எடுப்பதா விடுவதா என்று தீர்மானிக்க அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது ஆறுதல் இல்லை, உண்மையான நிலவரம். அது இல்லாமல்தான் வயல் விலை பேசப்பட்டுக்கொண்டிருந்தது.

ஆசிரிய சகோதரர்களே, நாம் "இன்ஷா அல்லாஹ்" சொல்வது அல்லாஹ்வின் மீது பாரம் சாட்டவா, அல்லது பதில் சொல்லத் தெரியாததை மறைக்கவா? நான் அந்த மகனிடம் சொன்னது இரண்டாவது வகை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. நாலு வருடத் தாளை எழுதுவதுதான் கட்டுவது. துஆ அதற்குப் பிறகு.

கெம்பஸ் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் சொல்லாதீர்கள். கல்வியியற் கல்லூரி இருக்கிறது, தாதியர் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது, சம்மாந்துறையில் உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் இருக்கிறது, திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. நானே கெம்பஸ் கிடைக்காமல் கல்வியியற் கல்லூரிக்குப் போனவள். அன்று ஊரே பாவம் பார்த்தது.

விண்ணப்பம் நிரப்ப இருக்கும் பிள்ளைகள் ரிசல்ட் தாளோடு வாருங்கள். வாப்பா, உம்மா யாரையாவது கூட்டி வாருங்கள். கிடைக்குமா என்று கேட்டால், தெரிந்ததைச் சொல்வேன். கசந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

சவூதியில் இருக்கும் அந்த மகன் இதை வாசிப்பான் என்று தெரியும். மகன், அன்று நான் சிரித்திருக்கக் கூடாது. மாஃப் செய்துகொள்.

வஸ்ஸலாம்.