வாகைக்குள் புதைந்த ஆணி

2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் அடித்து ஓய்ந்தபோது, அதிராம்பட்டினத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற வாகை மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. மர்ஹூம் பாட்டனார் வைத்து வளர்த்த மரம் அது. விறகு வியாபாரி ஒருவர் எடைக்கு எடுத்துக்கொள்ள முன்வந்தார். உம்மா சம்மதிக்கவில்லை.

“நிழல் தந்த மரத்தை அடுப்புக்குக் கொடுக்காதே வாப்பா! உன் தங்கை கட்டும் வீட்டுக்குக் கதவாகட்டும்” என்றார்கள்.

கிளைகளைக் கழித்து, அடிமரத்தை நூல் பிடித்து அளந்தோம். சுற்றளவு 10 அடி. நீளம் 12 அடி. சுற்றளவில் நான்கில் ஒரு பங்கை அதனாலேயே பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்குவது மரவாடிக் கணக்கு. அதன்படி 75 கன அடி வந்தது. மரத்தின் முழுக் கன அளவோ 95 கன அடிக்கு மேல். பட்டையும் ஓரங்களும் அறுப்பில் கழிவதால் அந்த வேறுபாட்டை விட்டுவிடுகிறார்கள்.

மரவாடிக்குக் கொண்டு சேர்த்த பின்னரே அடுத்த சிக்கல் தெரிந்தது. தடியின் குறுக்களவு 3 அடிக்கு மேல். அங்கிருந்த பட்டை வாளுக்குள் அது நுழையாது. நடுவிலிருந்து அகலமான ஒரே பலகையாவது எடுக்க முடியுமா என்று கேட்டேன்.

“நடுக்குருத்து உள்ள பலகை காயும்போது வெடித்துவிடும் பாய். குருத்தின் வழியாகவே இரண்டாகப் பிளந்துவிடுவோம்” என்றார் உரிமையாளர். பிறகு, “மரத்தில் ஆணி, கம்பி ஏதாவது உண்டா?” என்று வினவினார்.

“இல்லை” என்று உறுதியாகச் சொன்னேன்.

சங்கிலி வாளால் தடியைப் பிளந்தார்கள். உள்ளே கரும்பழுப்பு நிறத்தில் வைரம் பாய்ந்திருந்தது. வாகைத் தூள் மூக்கிலேறி அனைவரும் தும்மினோம். முதல் பாதி பலகைகளாகிவிட்டது. இரண்டாம் பாதியில் வாள் திடீரெனக் கிறீச்சிட்டு நின்றது. பற்கள் பல முறிந்துவிட்டன. உரிமையாளர் வாளோட்டியைக் கடிந்துகொண்டார். “பார்த்து அறுக்க வேண்டாமா? உன் கூலியில்தான் பிடிப்பேன்” என்றார்.

வெட்டுவாயில் ஒரு ஆணியின் முனை மின்னியது. சுற்றிலும் மரம் கறுத்திருந்தது. என் நெஞ்சு திக்கென்றது. பத்து வயதில், புறாக்கூடு மாட்டுவதற்காக நானே அடித்த ஆணி அது! மரம் உயர்ந்தாலும் ஆணி மேலே ஏறுவதில்லை. அடித்த இடத்திலேயே நின்று, ஆண்டுதோறும் பருக்கும் மரத்துக்குள் புதைந்துபோகிறது.

உடன் வந்திருந்த தங்கையின் கணவர், “பேசாமல் இருங்கள் மச்சான். யார் அடித்தது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?” என்று காதோடு சொன்னார். உண்மைதான், யாருக்கும் தெரியாது. புது வாளின் விலையோ, அறுப்புக் கூலிக்கென நான் கொண்டு சென்ற தொகையை நெருங்கியது. ஒரு கணம் தயங்கினேன். வாளோட்டி தலைகுனிந்து, முறிந்த பற்களைத் தரையில் பொறுக்கிக்கொண்டிருந்தார். வயது அறுபதிருக்கும்.

“ஆணியை அடித்தவன் நான்தான். மறந்துபோய் இல்லையென்று சொல்லிவிட்டேன். நட்டம் என்னைச் சேர்ந்தது” என்றேன்.

என் மேசைக்கென எண்ணியிருந்த பலகைகளை அந்த மரவாடியிலேயே விற்று வாளின் விலையை ஈடுசெய்தேன். மாற்று வாள் பூட்டி, அதே வாளோட்டிதான் எஞ்சியதை அறுத்துத் தந்தார்.

பலகைகளை நிழலில் அடுக்கி, இடையிடையே குச்சிகள் வைத்து, வெட்டுமுனைகளில் வண்ணம் பூசினோம். முனைகள் விரைந்து காய்ந்தால் பலகை வெடிக்கும். அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது ஆசாரிகள் சொல்லும் கணக்கு. ஒன்றரை அங்குலப் பலகைகள் 2020இல் தங்கை வீட்டுக் கதவாயின.

கதவின் உட்புறம் ஆணி இருந்த கறுத்த துளை இன்றும் உண்டு. ஆசாரி அதை அடைக்க வந்தபோது மச்சான் தடுத்துவிட்டார். “இருக்கட்டும். பிள்ளைகள் கேட்டால் சொல்வதற்கு ஒரு செய்தி வேண்டுமல்லவா?” என்றார்.