எல்லாச் சுவைக்கும் ஒரு சோடி ஒலிபெருக்கி

நாவுக்கு அறுசுவை என்பர். செவிக்கு எத்தனை சுவை என்று கணக்கிட்டவர் யார்? எங்கள் வீட்டில் மட்டும் மூன்று. தாத்தாவுக்குக் கருநாடக இசை, அதிலும் வாய்ப்பாட்டு. அம்மாவுக்குப் பழைய திரைப்பாடல்கள். தம்பிக்கோ சன்னல் அதிரும் 'டிரம்'மும் 'பேஸ் கிட்டா'ரும்! கையில் இருந்த பணமோ ஒரு சோடி ஒலிபெருக்கிக்கு மட்டுமே. யார் பக்கம் தீர்ப்புச் சொல்வது?

மனிதச் செவி 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பது நாம் படித்த பாடம். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி எழுப்புவது ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். அதை நிறைவாகத் தர 'வூஃபர்' மிகுந்த காற்றைத் தள்ள வேண்டும். பெட்டியும் பெரிதாக வேண்டும். ச, ஷ போன்ற எழுத்துகளின் கூர்மையோ பல ஆயிரம் ஹெர்ட்ஸில் இருப்பது. அது 'ட்வீட்ட'ரின் வேலை. முதுமையில் முதலில் மங்குவதும் இந்த மேல் ஒலிகளே. "பாட்டு கேக்குது, சாகித்தியம் புரியலே" என்று சொல்லித் தாத்தா கூடத்தில் வந்து உட்காருவதையே நிறுத்தியிருந்தார்.

பழகிய பாட்டுகளோடு கடைக்குச் சென்றோம். முதலில் காட்டிய பெரிய பெட்டி இடியென முழங்கியது. தம்பி சொக்கிப் போனான். ஆனால் உரக்க ஒலிப்பதே இனியது என்று காது எளிதில் மயங்கும். 3 டெசிபெல் குறைவாக ஒலிக்கும் பெட்டிக்கு இருமடங்கு மின்திறன் கொடுத்தால்தான் இரண்டும் சமமாகும். ஆகவே ஒலியளவைச் சமமாக்கிவிட்டுக் கேட்டேன். பெரிய பெட்டியில் மிருதங்கத்தின் தொப்பி வீங்கிப் பாடகரின் குரலை மூடியது. சிறிய பெட்டியிலோ குரல் எதிரே வந்து நின்றது!

பிரிட்டனின் பி.பி.சி. 1970-களில் ஒலிபரப்பு வண்டிகளுக்கென வடிவமைத்த எல்.எஸ். 3/5ஏ என்ற சிறு பெட்டியும் இவ்வகைதான். அடி ஒலி குறைவு. ஆயினும் குரலின் உண்மைக்காக இன்றும் போற்றப்படுகிறது. குறைந்த அடி ஒலியைச் சுவருக்கு அருகில் வைத்து ஓரளவு கூட்டலாம். மூடிப்போன குரலை மீட்பது எளிதன்று. சிறிய பெட்டியையே வாங்கினோம்.

தம்பி முணுமுணுத்தான், சுவரோரம் நகர்த்தி வைத்ததும் பாதி சமாதானமானான். அம்மாவுக்குக் குறையில்லை. தாத்தாவோ மாலையில் தம் நாற்காலியைக் கூடத்தில் போடச் சொன்னார்.

நண்பர்களே! பலருக்கும் பொதுவான ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, மிகக் குறைவாகக் கேட்பவருக்கு எது கேட்கிறது என்று முதலில் பார்ப்போமாக.