பால் கொட்டின நாளும் என் கைத் தவறும்



போன கார்த்திகை தீபத்தன்று அபிஷேகப் பால் எடுத்து வந்த என் மருமகன், தங்கச்சி மகன், தோட்டத்துச் சடக்குல மோட்டாரோட விழுந்தது உங்களுக்குத் தெரியும். மணிக்கட்டு உடைஞ்சு ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தான். அன்னிக்கு மண்டபத்துல எல்லார் முன்னாடியும், "இந்தக் காலத்துப் பசங்களுக்கு வேகம்தான் பெருசு"ன்னு சொன்னவன் நான். நான் சொன்னது தப்பு. எல்லார் முன்னாடியும் சொன்னதை எல்லார் முன்னாடியும் திருத்தணும்னுதான் இதை எழுதுறேன்.

கூலாய் பக்கம் நம்ம கோயிலுக்குப் போற வழி உங்களுக்குத் தெரியாததில்லை. சனங்க தாமானுக்குக் குடிபோயிட்டாங்க, அம்மா மட்டும் செம்பனைக்கு நடுவுல இருக்கா. மழைக்காலத்துல பழ லாரி ஓடி ஓடி செம்மண் சடக்கு பள்ளமாயிடும், காடி போகாது. என் பழைய ஸ்கிராம்ப்ளர்லதான் பூவும் பாலும் போகும்.

அந்த வண்டிக்கு உயிரே முன் ஃபோர்க்தான். 1935-ல ஜெர்மனிக்காரன் பி.எம்.டபிள்யூ ஆர் 12 வண்டியில போட்ட அதே யோசனைதான் இன்னிக்கும். குழாய்க்குள்ள குழாய், உள்ள ஸ்பிரிங், எண்ணெய். ஸ்பிரிங் அடியைத் தாங்கும். சின்ன ஓட்டை வழியா போற எண்ணெய், ஸ்பிரிங் துள்ளாம அடக்கி வைக்கும். ஓட்டை வழியா எண்ணெய்க்குப் பதிலா காத்து போனா அந்த அடக்கம் இருக்காது.

தீபத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி, நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து, தூக்கக் கண்ணோட ஃபோர்க்கைப் பிரிச்சேன். முப்பது வருஷமா பாசிர் கூடாங் தொழிற்சாலையில மிஷின் பார்க்கிறவன், இது என்ன பெரிய வேலைன்னு நினைப்பு. ரெண்டு தப்பு செஞ்சேன். குழாய் முனையில பிளாஸ்டிக் பை சுத்தாம புது ஆயில் சீலை இறக்கினேன். எண்ணெய் ஊத்தினதும் காத்தை வெளியேத்தாமலே அளவு பார்த்து மூடிட்டேன்.

தைப்பூசத்துக்கு முந்தின ஞாயிறு, கோயில் வேலைக்கு வண்டி வேணுமேன்னு திரும்பப் பிரிச்சேன். மருமகன் பக்கத்துல உட்கார்ந்திருந்தான். இடது பக்க சீலோட உதட்டுல நகக்கீறல் மாதிரி ஒரு வெட்டு. வடிச்ச எண்ணெய் ரெண்டு பக்கமும் குறைவு, இடது பக்கம் ரொம்பவே குறைவு. ஒழுகின எண்ணெய் பிரேக் பேட் வரைக்கும் ஊறியிருந்துச்சு. பள்ளத்துக்கு முன்னாடி அவன் பிரேக் பிடிச்சிருக்கான். பிரேக் பிடிக்கலை, ஃபோர்க் அடி வரைக்கும் குத்தியிருக்கு.

"எண்ணெய் கசியுறது உனக்குத் தெரியலையாடா?"ன்னு கேட்டேன்.

"காலையிலேயே பார்த்தேன் மாமா. நீங்க செஞ்ச வேலை. சொன்னா கோவிச்சுக்குவீங்கன்னு விட்டுட்டேன்."

எனக்குப் பேச்சு வரலை. தொழிற்சாலையில புதுசா சேர்ந்த பையன்கிட்டக்கூட, "ஒரு சொட்டு எண்ணெய் தரையில பார்த்தாலும் வந்து சொல்லு"ன்னு சொல்றவன் நான். என் வீட்டுப் பிள்ளை என்கிட்ட சொல்லப் பயந்திருக்கான். அன்னிக்கு அவன்கிட்டயும் தங்கச்சிகிட்டயும் மன்னிப்புக் கேட்டேன். இன்னிக்கு உங்ககிட்டயும் கேட்கிறேன்.

வீட்டுல செய்யறவங்களுக்கு ஒரு வார்த்தை. இஞ்சினுக்கு அடியில பெட்டி வச்சு முன் சக்கரத்தைத் தூக்குங்க. மேல்மூடியைக் கிளாம்ப்புல இருக்கும்போதே லேசா தளர்த்திடுங்க. கழட்டும்போது கையால அழுத்திப் பிடிங்க, ஸ்பிரிங் தள்ளும். சீல் இறக்கும்போது குழாய் முனைக்குப் பை, சீல் உதட்டுக்குக் கிரீஸ். கையேட்டுல சொன்ன எண்ணெயை ஊத்தி, ஸ்பிரிங் போடாம குழாயை மெதுவா ஏத்தி இறக்குங்க. முதல்ல விட்டு விட்டு ஓடும், குமிழி வரும். இழுவை ஒரே சீரா ஆகுற வரைக்கும் நிறுத்தாதீங்க. அப்புறம் பத்து நிமிஷம் சும்மா நிக்க விடுங்க. அதுக்கு அப்புறம்தான் குழாயை முழுசா அமுக்கி மேலிருந்து அளவு பாருங்க, ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும். காத்தோட அளந்தா நிறைஞ்ச மாதிரி தெரியும். காத்து போனதும் அளவு இறங்கிடும். எண்ணெய் பட்ட பிரேக் பேடைக் கழுவிப் போடாதீங்க, மாத்துங்க. பழைய எண்ணெயைக் கால்வாயில ஊத்தாம மோட்டார் கடையில கொடுங்க.

மூடிமேல காத்துத் திருகு இருந்தா, ஓட்டத்துக்கு முன்னாடி சக்கரத்தைத் தூக்கி வச்சுத் திறந்து விடுங்க. ஓட ஓட உள்ள சேர்ந்த காத்து 'உஸ்'ஸுன்னு போகும். அதை அடைச்சு வச்சா ஃபோர்க் விறைக்கும், சீலும் கெடும். எனக்குள்ள அடைஞ்சு கிடந்த காத்துக்குத்தான் திருகு இல்லாம போச்சு. என் மருமகன் கை உடைஞ்சுதான் அது வெளியே வந்துச்சு.

தைப்பூசத்துக்குப் பால் அவன்தான் கொண்டு வந்தான். கிளம்புறதுக்கு முன்னாடி வண்டியைச் சுத்திப் பார்த்துட்டு, "மாமா, வலது பக்கம் போல்ட் ஒண்ணு லூசு"ன்னான். ஸ்பேனர் எடுத்து முடுக்கினேன்.

அடுத்த ஞாயிறு பூசைக்கு அப்புறம் கோயில் வாசல்ல இருப்போம். தோட்டத்துச் சடக்குல வர்றவங்க வண்டியைக் கொண்டு வாங்க, சேர்ந்து பார்ப்போம். என் வேலையில குறை தெரிஞ்சா அங்கேயே சொல்லிடுங்க.

அம்மா துணை.